குளோப் அரங்கைப் போலி என்பவருக்கு

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் நிற்கும் குளோப் நாடக அரங்கத்தைத் தாக்கி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் குளோப் பதினேழாம் நூற்றாண்டிலேயே முடிந்துபோன கதை. 1997-இல் திறந்தது வெறும் போலி. அதுவும் வேறு இடத்தில், ஊகத்தை வைத்து, ஓர் அமெரிக்க நடிகரின் ஆசைக்காக, சுற்றுலாப் பயணிகளின் பணத்துக்காகக் கட்டிய போலி. இதுதான் கட்டுரையின் சாரம். எழுதியவர் நாடகம் அறிந்தவர் என்று பெயரெடுத்தவர். அதனால்தான் இதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. விவரம் தெரியாதவர் சொல்லியிருந்தால் கடந்து போயிருக்கலாம். விவரம் தெரிந்தவர் பாதியை மறைத்துவிட்டு மீதியை மட்டும் வாசகர் முன் வைப்பது நேர்மையற்ற செயல்.

முதலில் இடத்தையும் அசலையும் எடுத்துக்கொள்வோம். அவருடைய வாதம் முழுவதும் இந்த ஒரு காலில்தான் நிற்கிறது. அசல் குளோப் பார்க் தெருவில் இருந்தது, இப்போது இருப்பது அங்கிருந்து ஏறக்குறைய 230 மீட்டர் தள்ளி இருக்கிறது, ஆகவே இது குளோப் அல்ல என்கிறார். அப்படியானால் அந்த அசல் குளோப் எப்படி வந்தது என்பதை அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கட்டுரையில் 1598-ஆம் ஆண்டு என்ற ஒன்றே இல்லை.

நடந்தது இது. தச்சராக இருந்து நடிகரான ஜேம்ஸ் பர்பேஜ் 1576-இல் லண்டனுக்கு வடக்கே ஷோர்டிச்சில் குத்தகை நிலத்தில் ஒரு நாடக அரங்கைக் கட்டினார். அதன் பெயரே 'தியேட்டர்'. நிலம் கைல்ஸ் ஆலன் என்பவருக்குச் சொந்தம். குத்தகை 21 ஆண்டுகளுக்கு. குத்தகை 1597-இல் முடிந்தது, ஆலன் புதுப்பிக்க இழுத்தடித்தார். இந்த நாள் வரும் என்று தெரிந்தே ஜேம்ஸ் பர்பேஜ் 1596-இல் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் 600 பவுண்டுக்கு ஒரு கூடத்தை வாங்கி அரங்கமாக மாற்றியிருந்தார். அங்கே வசித்த பெரிய மனிதர்கள் தங்கள் தெருவில் நாடகக் கூட்டம் வேண்டாமென்று அரசவைக்கு மனுக் கொடுத்துத் தடுத்துவிட்டார்கள். போட்ட பணம் முடங்கிய நிலையிலேயே 1597 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். மகன்கள் கத்பர்ட், ரிச்சர்ட் இருவர் கையிலும் மிஞ்சியது, முடங்கிய அந்தக் கூடமும் இன்னொருவன் நிலத்தில் பூட்டிக் கிடந்த ஒரு மரக்கட்டடமும்தான்.

பழைய குத்தகைப் பத்திரத்தில் கட்டடத்தைப் பிரித்தெடுத்துக்கொள்ளும் உரிமை இருந்தது. 1598 டிசம்பர் 28, கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள். ஆலன் ஊரில் இல்லை. பர்பேஜ் சகோதரர்கள் பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சரையும் வேலையாட்களையும் கூட்டிக்கொண்டு போய் அரங்கைச் சட்டம் சட்டமாகக் கழற்றினார்கள். ஓக் மரச் சட்டங்களைக் கழற்றி மறுபடி பூட்ட முடியும் என்பதைத் தச்சர் அறிவார். மரம் ஆற்றங்கரைக்குப் போனது, பிறகு ஆற்றைக் கடந்தது. 1599-இல் தென்கரையில் அதே மரத்தைக் கொண்டு எழுந்ததுதான் குளோப். ஊர் திரும்பிய ஆலன் 800 பவுண்டு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் தோற்றார்.

ஆக, ஷேக்ஸ்பியரின் குளோப் பிறந்தபோதே பழைய மரத்தில் புது இடத்தில் மறுபடி கட்டிய அரங்கம்தான். இடம் மாறினால் போலி என்ற கட்டுரையாளரின் அளவுகோலை ஒழுங்காகப் பயன்படுத்தினால், 1599-இல் ஷேக்ஸ்பியர் நின்று நடித்த குளோப்பும் போலிதான். அவர் அங்கே போக மாட்டார். அதனால் 1598-ஐத் தொடவே இல்லை.

அடுத்தது 1613. அதற்கு அவர் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார். அந்த ஆண்டு ஜூன் 29 அன்று எட்டாம் ஹென்றி பற்றிய நாடகம் நடந்துகொண்டிருந்தது. அரசர் நுழையும் காட்சிக்கு வேட்டுப் போட்டார்கள். பீரங்கியிலிருந்து பறந்த எரிதுணுக்கு வேய்ந்த கூரையில் விழுந்தது. புகையைப் பார்த்தவர்கள் பொருட்படுத்தவில்லை, கண்ணெல்லாம் மேடையில்தான். ஒரு மணி நேரத்துக்குள் அரங்கம் தரைமட்டமானது. யாரும் சாகவில்லை. ஒருவரின் காற்சட்டையில் தீப்பிடித்தது, கையிலிருந்த மதுப் புட்டியைக் கவிழ்த்து அணைத்துக்கொண்டார் என்று அக்கால அரசுத் தூதர் ஹென்றி வாட்டன் ஒரு கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த ஆண்டே, பழைய அடித்தளத்தின் மேல், இம்முறை ஓட்டுக் கூரையுடன், குளோப் மறுபடி எழுந்தது. 1642-இல் நாடாளுமன்றம் நாடகங்களைத் தடை செய்யும்வரை அதில் நாடகம் நடந்தது. அதற்கும் பெயர் குளோப்தான். அதைப் போலி என்று அந்தக் கால லண்டனில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. மரம் மாறியது, கூரை மாறியது, அங்கே நடந்த தொழில் மாறவில்லை.

அந்தத் தொழிலைப் பற்றியும் கட்டுரையாளர் தவறாகவே எழுதுகிறார். குளோப் வாடகைக் கொட்டகை, நாடகக் குழுவுக்கும் கட்டடத்துக்கும் உயிர்ப்பான உறவு கிடையாது என்கிறார். அக்கால அரங்குகள் பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தலாம். குளோப்புக்குச் சிறிதும் பொருந்தாது. பிளாக்ஃபிரையர்ஸில் பணம் முடங்கிய பர்பேஜ் சகோதரர்கள் புது அரங்கின் செலவில் பாதியைத்தான் ஏற்க முடிந்தது. மறுபாதியை ஐந்து நடிகர்கள் பகிர்ந்துகொண்டார்கள்: ஜான் ஹெமிங்ஸ், அகஸ்டின் ஃபிலிப்ஸ், தாமஸ் போப், வில் கெம்ப், வில்லியம் ஷேக்ஸ்பியர். பத்தில் ஒரு பங்கு ஷேக்ஸ்பியருடையது. கெம்ப் விலகிய பிறகு எட்டில் ஒரு பங்கு. தன் நாடகங்கள் நடக்கும் கட்டடத்திலேயே பங்கு வைத்திருந்த எழுத்தாளன் அவன். அந்த மேடையின் அகலமும் கதவும் தரைப்பொறியும் அவன் எழுத்துக்குள் இருக்கின்றன. ஹாம்லெட்டின் தந்தை ஆவி மேடைக்கு அடியிலிருந்து குரல் கொடுக்கிறது. அடியில் ஆள் நிற்க இடமுள்ள மேடைக்கு எழுதியவன்தான் அதை எழுத முடியும்.

இனி ஊகம் என்ற குற்றச்சாட்டு. குளோப்பின் வரைபடம் கிடைக்கவில்லை என்பது உண்மை. அதிலிருந்து எல்லாமே கற்பனை என்று தாவுவதுதான் பொய். 1600-இல் ஃபிலிப் ஹென்ஸ்லோவும் நடிகர் எட்வர்டு ஆலனும் ஃபார்ச்சூன் என்ற போட்டி அரங்கைக் கட்ட ஒப்பந்தம் போட்டார்கள். யாரோடு? குளோப்பைக் கட்டிய அதே பீட்டர் ஸ்ட்ரீட்டோடு. அந்த ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. மேடையின் அகலம் 43 அடி, மாடங்களின் உயரம் கீழிருந்து மேலாக 12, 11, 9 அடி என்று அளவெல்லாம் இருக்கிறது. பல இடங்களில் குளோப்பில் உள்ளதைப் போலவே செய்ய வேண்டும் என்று திரும்பத் திரும்ப வருகிறது. 1596 வாக்கில் லண்டனுக்கு வந்த டச்சுக்காரர் ஜோஹன்னஸ் டி விட், ஸ்வான் அரங்கின் உட்புறத்தை வரைந்தார். அதன் நகல் 1888-இல் உட்ரெக்டில் வெளிவந்தது. முன்னே நீண்ட மேடை, அதில் இரண்டு தூண்கள், சுற்றிலும் மூன்றடுக்கு மாடங்கள் எல்லாம் அதில் தெரிகின்றன. வென்ஸெஸ்லாஸ் ஹாலர் இன்றைய சதர்க் பேராலயத்தின் கோபுரத்திலிருந்து பார்த்து வரைந்து 1647-இல் அச்சிட்ட லண்டன் காட்சி இரண்டாம் குளோப்பின் வெளித்தோற்றத்தைக் காட்டுகிறது. அச்சில் குளோப்பின் பெயரும் பக்கத்திலிருந்த கரடிச் சண்டைக் கொட்டகையின் பெயரும் இடம் மாறிவிட்டன. அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியவர்கள், கட்டுரையாளர் ஊகக்காரர்கள் என்று பழிக்கும் அதே ஆய்வாளர் வழி வந்தவர்கள்தான். கூரை வேய்ந்தது என்பதற்குக்கூட நேரில் கண்டவரின் சாட்சி உண்டு. 1599 செப்டம்பர் 21 பிற்பகல் ஆற்றைக் கடந்து வந்து ஜூலியஸ் சீசர் நாடகம் பார்த்த சுவிஸ் நாட்டுப் பயணி தாமஸ் பிளாட்டர், வேய்ந்த கூரை கொண்ட அரங்கில் பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

1989-இல் மண்ணே பேசியது. முதலில் அக்காலத்து இன்னொரு அரங்கமான ரோஸின் அடித்தளம், அதே ஆண்டு அக்டோபரில் பார்க் தெருவில் ஆங்கர் டெரஸ் கட்டடத்தின் பின்னாலிருந்த கார் நிறுத்துமிடத்தின் அடியில் குளோப்பின் ஒரு துண்டு. கிடைத்தது மொத்தத்தில் ஐந்து சதவீதம் போல. மீதி, பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தின் அடியில் கிடக்கிறது, தோண்ட முடியாது. அந்தச் சிறு துண்டின் கோணத்தை வைத்துத்தான் புது அரங்கின் பக்கங்கள் இருபது என்று முடிவானது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பின்னால் வந்த தொல்லியல் ஆய்வு, அசல் குளோப் புது அரங்கைவிடச் சிறியது, விட்டம் 100 அடிக்குப் பதில் 85 அடி அளவில் இருக்கலாம், பக்கங்களும் குறைவு என்று காட்டுகிறது. கட்டுரையாளர் இதைத் தன் பெரிய ஆயுதமாக எடுத்து வீசுகிறார். ஆனால் ஆண்ட்ரூ கர், ஜான் ஓரல் போன்ற ஆய்வாளர்கள் புது அரங்குதான் உண்மையான குளோப் என்று ஒருநாளும் சத்தியம் செய்யவில்லை. கிடைத்த சான்றுகளில் ஆகச் சிறந்த கணிப்பு என்றுதான் சொன்னார்கள். இன்று அரங்கில் ஏறக்குறைய 1,570 பேருக்குத்தான் இடம், அன்று 3,000 பேர் வரை நெருக்கியடித்தார்கள். தீயணைப்பு விதிக்காக வாசல்கள் கூடியிருக்கின்றன. இவை எல்லோருக்கும் தெரிந்தவை, அரங்கத்தாரே சொல்பவை. ஒரு கணிப்பைக் கட்டிப் பார்த்து, பிழையையும் வெளியே சொல்பவர்களைப் போலிக்காரர்கள் என்பது எந்த ஊர் நியாயம்?

கட்டிய முறையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அதுதான் எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது. பெர்க்‌ஷயரில் பீட்டர் மெக்கர்டி என்ற தச்சர் தன் பட்டறையில் பச்சை ஓக் மரத்தை இழைத்து, சட்டங்களைத் தரையில் கோத்துச் சரிபார்த்து, குறியிட்டு, கழற்றி, லண்டனுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இரும்பு ஆணிக்குப் பதில் ஓக் மர முளை அடித்து இணைத்த பொருத்துகள். அன்று பீட்டர் ஸ்ட்ரீட்டின் ஆட்கள் கழற்றிப் பூட்டியதும் இந்தக் கைவேலையைத்தான். சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து. பழைய முறைப்படி அதில் மாட்டு முடி சேர்க்க வேண்டும். இன்றைய மாடுகளின் முடி சாந்தைப் பிடித்து நிறுத்தும் நீளத்துக்கு இல்லாததால் ஆட்டு முடி சேர்த்தார்கள். கூரைக்கு நாணல் வேய்ந்தார்கள். 1666-இன் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் அனுமதி பெற்ற முதல் வேய்ந்த கூரை அது; அனுமதிக்காக உச்சியில் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள் வைத்தார்கள். ஓவியம் தீட்டிய தட்டியை நட்டு வைத்தால் போலி எனலாம். ஒரு தொழில்முறையை மறுபடி கையால் கற்று, ஒவ்வொரு பொருத்தாகச் செய்து நிறுத்தியதை எப்படிப் போலி என்பது? உளி பிடித்த ஒருவர் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு மனம் வருமா?

கட்டுரையின் மூன்றாம் பகுதி முற்றத்தில் நிற்கும் கூட்டத்தைப் பற்றியது. அன்று ஒரு பென்னி கொடுத்து நின்றவர்கள் ரசனையற்ற கும்பல், ஷேக்ஸ்பியர் அவர்களைப் பொறுத்துக்கொண்டு மேலே மாடத்தில் இருந்த கற்றவர்களுக்காக எழுதினான், இன்று அந்த நிற்கும் கூட்டத்தை உயிர்ப்பிப்பது வேடிக்கை என்கிறார். இதுதான் கட்டுரையில் மிகவும் இழிவான பகுதி. அந்த ஒரு பென்னிக் கூட்டம்தான் மேடையை மூன்று பக்கமும் தொட்டு நின்றது. மேலும் ஒரு பென்னி தந்தவர் மாடத்தில் உட்கார்ந்தார், இன்னொரு பென்னிக்கு மெத்தை. நடிகன் முன்னே வந்து தன் மனத்தைத் திறந்தபோது அவன் கண்ணெதிரே இருந்த முகங்கள் முற்றத்து முகங்கள்.

ஹாம்லெட்டின் முதல் காட்சியைப் பாருங்கள். நள்ளிரவு, கடுங்குளிர். காவலர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் யாரென்று கேட்டு நடுங்குகிறார்கள். இந்தக் காட்சி குளோப்பில் பிற்பகல் இரண்டு மணிக்கு, மேலே வானம் திறந்திருக்க, வெயிலில் நடந்தது. பார்ப்பவருக்கு எல்லாம் தெரிகிறது. மேடையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியவில்லை. அந்த இருட்டை நடிகனின் உடம்பும் பேச்சும் உண்டாக்க வேண்டும், பார்ப்பவன் கற்பனையால் ஒத்துழைக்க வேண்டும். இருட்டாக்கிய அரங்கில் நீல விளக்குப் போட்டால் அந்த வேலையை மின்விளக்கு செய்துவிடும். காவலனின் முதல் கேள்விக்குள் இருக்கும் அச்சத்தில் பாதி வீணாகும். மேக்பெத்தின் இரவுகளும் அப்படித்தான். அந்த நாடகத்தைக் குளோப்பில் 1611-இல் பார்த்துக் குறிப்பெழுதிய சைமன் ஃபோர்மனும் பகல் வெளிச்சத்தில்தான் பார்த்தார்.

புது குளோப்பின் முதல் கலை இயக்குநர் மார்க் ரைலன்ஸ் 1995 முதல் பத்தாண்டுகள் இதைத்தான் சோதித்தார். நடிகனும் பார்ப்பவனும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும்போது தனிமொழி தனியாகப் பேசுவதாக இருப்பதில்லை. நான் கோழையா என்று ஹாம்லெட் கேட்டால் அது எதிரே நிற்கும் ஒருவரைப் பார்த்துக் கேட்ட கேள்வியாகிவிடுகிறது. இருட்டில் சாய்நாற்காலியில் புதைந்திருக்கும் பார்வையாளருக்கு இது கிடைக்காது. நூலகத்தில் உட்கார்ந்து நானூறு ஆண்டு படித்தவர்களுக்குக் கிடைக்காத பாடம், அரங்கம் எழுந்த சில ஆண்டுகளில் கிடைத்தது. தூண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் தற்காலிக மேடையில் ஒத்திகை பார்த்தபோது தூண்கள் மறைக்கின்றன என்று நடிகர்களும் இயக்குநர்களும் முறையிட்டார்கள், ஆய்வாளர்கள் மல்லுக்கட்டினார்கள், நிரந்தர மேடையில் தூண்கள் மாற்றியமைக்கப்பட்டன. பின்னால் வந்தவர்கள் அந்தத் தூண்களின் பின்னே ஒளிந்தும் ஒட்டுக்கேட்டும் நடித்துப் பழகினார்கள்.

எம்மா ரைஸ் விவகாரத்தை அவர் இழுப்பதும் திரித்துத்தான். 2016-இல் கலை இயக்குநரான ரைஸ் மின்விளக்கையும் ஒலிபெருக்கியையும் கொண்டுவந்தார். நாடகங்கள் நன்றாக ஓடின. ஆனாலும் அறங்காவலர் குழு அதே ஆண்டு அக்டோபரில் அவர் 2018-இல் விலகுவார் என்று அறிவித்தது. இது அருங்காட்சியகப் புத்தி என்கிறார் கட்டுரையாளர். நடத்திய விதம் அவசரமானது, ஒரு கலைஞருக்குத் தகாதது. ஆனால் குழு காக்க நினைத்தது சரி. லண்டனில் மின்விளக்கு அரங்குகளுக்குப் பஞ்சமில்லை. ஒரே வெளிச்சத்தில் நாடகம் நடக்கும் இந்த அளவு அரங்கம் அங்கே இது ஒன்றுதான்.

அமெரிக்க நடிகரின் ஆசை என்று எள்ளுகிறாரே, அந்த சாம் வானமேக்கர் 1949-இல் லண்டன் வந்து குளோப்பைத் தேடியபோது அவர் கண்டது ஒரு மதுத் தொழிற்சாலைச் சுவரில் கறுத்துப்போன வெண்கலப் பலகை. உலகமெல்லாம் ஷேக்ஸ்பியரை விற்ற நாடு அவன் அரங்குக்குச் செய்திருந்தது அவ்வளவுதான். சொந்த நாட்டில் கம்யூனிச வேட்டையில் கறுப்புப் பட்டியலில் விழுந்து இங்கிலாந்திலேயே தங்கிவிட்டவர் அவர். 1970-இல் அறக்கட்டளை தொடங்கினார். 1993 டிசம்பரில் இறந்தபோது அரங்கின் சில பகுதிகள்தான் எழுந்திருந்தன. கட்டடக்கலைஞர் தியோ கிராஸ்பியும் மறு ஆண்டு இறந்தார். இருவரும் முழு அரங்கைப் பார்க்கவில்லை. கட்டி முடிக்க லாட்டரி நிதி உதவியது. அதன் பிறகு ஆண்டு மானியம் எதிர்பார்க்காமல் நுழைவுச்சீட்டை நம்பி நடந்த அரங்கம் இது. முற்றத்தில் நிற்க 5 பவுண்டு என்ற விலையைப் பல ஆண்டுகள் ஏற்றாமல் வைத்திருந்தார்கள். சுற்றுலாக்காரரைச் சுரண்டும் எந்தக் கடை இதைச் செய்யும்? 2012-இல் 37 மொழிகளில் 37 நாடகங்கள் இந்த மேடையில் ஏறின. டாக்காவிலிருந்து வந்தவர்கள் வங்காளத்தில் டெம்பஸ்ட் நடித்தார்கள், காது கேளாதோர் குழு பிரிட்டிஷ் சைகை மொழியில் ஒரு நாடகம் நடத்தியது, முந்தைய ஆண்டுதான் தனி நாடான தெற்கு சூடானிலிருந்து ஒரு குழு ஜூபா அரபியில் சிம்பெலின் கொண்டுவந்தது.

கடைசியாக அவர் எழுப்பும் கேள்வி ஒன்றுக்குத்தான் எடை உண்டு: அந்த நிலத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டியிருக்கலாமே என்பது. 1980-களில் சதர்க் மாமன்றமும் அப்பகுதி மக்களும் இதையே கேட்டார்கள். தெருக் கூட்டும் தொழிலாளர்களுக்கான பணிமனை அங்கே இருந்தது, அதையும் வீட்டுத் தேவையையும் முன்வைத்து வழக்கு நீதிமன்றம் போனது, 1986-இல் அரங்கத்துக்குச் சாதகமாக முடிந்தது. அம்மக்களின் கவலை நியாயமானது, நான் அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் குளோப் எழாமல் இருந்திருந்தால் அங்கே ஏழையின் வீடு எழுந்திருக்கும் என்று அவர் எழுதுவதற்கு முன் பார்க் தெருவில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். 1989-இல் ரோஸ் அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டபோது அதைக் காக்க நடிகர்கள் தெருவில் நின்று போராடினார்கள். இயன் மெக்கெல்லன் வந்தார், வயதான பெக்கி ஆஷ்கிராஃப்ட் வந்தார். சிதைவை அழிக்காமல் மண்ணும் தண்ணீரும் போட்டு மூடி வைத்தார்கள். அதன் மேல் எழுந்தது அலுவலகக் கட்டடம்.